புகையிலை வாசனையை விட்ட பிறகுதான் சிகரெட் விட்டது

2021 நவம்பரில் ஒரு மதியம், ரசத்தில் பெருங்காயம் போட்டோமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன். கரண்டியில் எடுத்து ருசித்தும் பார்த்தேன். பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சிட்டிகை போட்டேன். பாத்திரம் கழுவும் யாழ்ப்பாணத்துத் தம்பி சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணை, பெருங்காயம் கூடிப் போச்சு" என்றான்.

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ் உணவகத்தில் நான் சமையல் மாஸ்டர். அப்போது எனக்கு 43 வயது, சிகரெட் பிடிக்க ஆரம்பித்து 24 வருடம். மதுரையில் கேட்டரிங் படிக்கும்போது பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டாக வாங்கிப் பழகியது, 2009-ல் லண்டன் வந்த பிறகு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று ஆகிவிட்டது. மூச்சு வாங்குவதையும் காலை இருமலையும் பழகிக்கொண்டேன். ஆனால் பெருங்காயத்தின் வாசனை தெரியாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை. என் தொழிலே அந்த மூக்கை நம்பித்தான் இருக்கிறது.

அதற்கு முன்பே ஒருமுறை இ-சிகரெட்டுக்கு மாறிப் பார்த்திருந்தேன். 2017-ல். நிகோடின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி அது. இங்கே எல்லோரும் அதை வேப் என்றுதான் சொல்வார்கள். கடையில் சுவர் முழுக்க ஸ்ட்ராபெர்ரி, தர்பூசணி, வெனிலா என்று குட்டிக் குட்டி பாட்டில்கள். வளர்ந்த ஆம்பளைக்கு மிட்டாய் வாசனை எதற்கு என்று நினைத்தேன். புகையிலைச் சுவையில் ஒன்று கேட்டு வாங்கினேன். சிகரெட்டை விடுகிறவனுக்குச் சிகரெட் மாதிரியே இருப்பதுதானே நியாயம் என்று தோன்றியது.

16 நாள் ஓடியது. அந்த 16 நாளும் ஒவ்வொரு இழுப்பிலும் உண்மையான சிகரெட்டின் ஞாபகம் வந்தது. ஃபில்டர் காபிக்குத் தவித்துக்கொண்டிருப்பவனுக்குச் சிக்கரித் தண்ணியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? வாசனையில் காபியின் சாயல் இருக்கும். அந்தச் சாயலே தவிப்பைக் கூட்டும். 17-ஆம் நாள் மதிய வேலை முடிந்து பின்கதவுக்கு வெளியே போய், பக்கத்தில் நின்றவரிடம் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தேன். "வேப் எனக்கு ஒத்துவராது" என்று நாலு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரச விவகாரம் நடந்த அடுத்த வாரம், புகை நிறுத்த உதவும் உள்ளூர் சேவை மையத்துக்குப் போனேன். இங்கிலாந்தில் இது இலவசம், வாரா வாரம் ஒருவர் நம்மோடு உட்கார்ந்து பேசுவார். முதல் நாள் ஒரு சின்னக் கருவியில் மூச்சை ஊதச் சொன்னார்கள். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அது காட்டும். எனக்கு 24 வந்தது. புகைக்காதவர்களுக்கு அது பத்துக்குக் கீழேதான் இருக்கும்.

2017-ல் தோற்றதைச் சொன்னேன். அந்த ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "எந்தச் சுவை வைத்திருந்தீர்கள்?" புகையிலை என்றேன். "அது உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டார். மருத்துவ விஷயத்தில் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யாராவது கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அவர் எனக்கு ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். எங்கள் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலிலேயே வரும் மைல் எண்டில் குயின் மேரி பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் பீட்டர் ஹாயெக் குழுவினர் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு. சிகரெட்டை விட விரும்பிய 886 பேரில் ஒரு பாதிக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவை; இன்னொரு பாதிக்கு இ-சிகரெட். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் இ-சிகரெட் பக்கம் 18 சதவீதம், மற்றப் பக்கம் 9.9 சதவீதம். எனக்கு மனதில் நின்றது இன்னொரு விவரம். முதலில் எல்லோருக்கும் புகையிலைச் சுவையில் ஒரே ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். அது தீர்ந்ததும் அவரவருக்குப் பிடித்த சுவையையும் அளவையும் அவரவரே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான் அந்த முதல் பாட்டிலோடு நின்றுவிட்டவன்.

சரி, இந்த முறை வேறு சுவை என்று முடிவானது. புதினா வாங்கினேன். தொண்டைக்குக் குளிர்ச்சியாக இருந்தது, நான்கைந்து நாள் நன்றாகவே போனது. அப்புறம் பழைய தவிப்பு அப்படியே திரும்ப வந்தது. யோசித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இருபது வருடமாக ஒவ்வொரு சிகரெட்டுக்குப் பிறகும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் போடுவது என் வழக்கம். வீட்டில் மனைவிக்கு வாசனை தெரியக் கூடாது என்று ஆரம்பித்தது. என் நாக்குக்குப் புதினா என்றாலே சிகரெட் முடிந்த நேரம். அந்தச் சுவை வந்தால் அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய சிகரெட்டை உடம்பு தேடுகிறது.

அடுத்து மாம்பழம். அதில் மல்கோவாவும் இல்லை, இமாம்பசந்தும் இல்லை. டப்பா ஜூஸின் வாசனைதான். ஒரு சமையல்காரனாக எனக்கு அது நல்ல சுவை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் மாம்பழத்தையும் சிகரெட்டையும் சேர்த்து வைத்த ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மாம்பழம் என்றால் சித்திரை வைகாசி, அம்மா அரிவாள்மனையில் சீவிக் கொடுப்பது, கொட்டையைச் சப்பிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பது. அந்த வாசனைக்குள் சிகரெட் நுழைய இடமே இல்லை.

சிகரெட்டை நிறுத்திய 22-ஆம் நாள் ஒரு மோசமான இரவு. இரண்டு பெரிய ஆர்டர் சேர்ந்து வந்து, ஒருவர் வேலைக்கு வராமல், பன்னிரண்டு மணிக்குப் பின்கதவில் போய் நின்றேன். சிகரெட் கேட்டு வாங்கிப் பற்றவைத்தேன். முதல் இழுப்பே அடிப்பிடித்த பருப்பு மாதிரி இருந்தது. மூன்றாவது இழுப்பில் அணைத்துவிட்டேன். 24 வருடமாக அதைத்தான் ருசி என்று நினைத்திருந்தேன். வாய் மூன்று வாரத்தில் வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது, பழையது அதற்குக் கசந்தது. நாலாவது வாரம் அதே கருவியில் ஊதினேன். 3 என்று காட்டியது. அந்த ஆலோசகரை விட எனக்குத்தான் சந்தோஷம்.

எல்லோருக்கும் மாம்பழம் என்று நான் சொல்ல மாட்டேன். பஸ் ஓட்டும் என் நண்பர் ஒருவர் மென்தால் சிகரெட்தான், அதாவது புதினாக் குளிர்ச்சி சேர்த்த சிகரெட்தான் பிடிப்பார். 2020 மே மாதம் பிரிட்டனில் மென்தால் சிகரெட் விற்பதைத் தடை செய்தார்கள். அவர் அன்றைக்கு மென்தால் வேப்புக்கு மாறியவர், திரும்பவே இல்லை. எனக்கு எதிரியாக இருந்த புதினா அவருக்குத் துணையாக இருந்தது. பழைய சுவைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்களும் உண்டு, என்னைப்போல அதிலிருந்து தூரமாக ஓட வேண்டியவர்களும் உண்டு. யார் எந்த வகை என்பது வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதல் மாதம் ஒரே சுவையில் மூன்று நான்கு பாட்டில் வாங்கிக் குவிக்காதீர்கள். 10 மில்லி பாட்டில் ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். நிகோடின் அளவு சரியில்லாமல் எந்தச் சுவையும் கைகொடுக்காது. 2017-ல் நான் வாங்கியது மில்லிக்கு 6 மில்லிகிராம். நாளைக்கு ஒரு பாக்கெட் பிடித்தவனுக்கு அது எந்த மூலைக்கு? பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் மில்லிக்கு 20 மில்லிகிராம். இரண்டாவது முறை நான் அதில்தான் தொடங்கினேன், சால்ட் வகை நிகோடினில், அதாவது அமிலம் சேர்த்து மென்மையாக்கிய நிகோடினில். அது தொண்டையை அறுக்காது. சிகரெட் மாதிரி வேகமாக இழுக்காமல் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும் என்று பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. மாம்பழம் என்னைக் காப்பாற்றியது என்றால், அந்த 20 மில்லிகிராமின் மேல் ஏறி நின்றுதான் காப்பாற்றியது.

இனிப்புச் சுவைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காயிலை, அதாவது கருவிக்குள் லிக்விட்டைச் சூடாக்கும் பஞ்சு வைத்த கம்பிச் சுருளை, சீக்கிரம் கரியாக்கிவிடும். இனிப்புக்காகச் சேர்க்கும் பொருள் சூடான கம்பியில் பிடித்துக்கொள்ளும், வாணலியில் பாகு பிடிப்பது போலவே. புதினாவில் இரண்டு மூன்று வாரம் வந்த காயில், மாம்பழத்தில் ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. கருகல் வாசனை வந்ததும் காயிலை மாற்றிவிட வேண்டும், காசு பார்க்கக் கூடாது. புதுக் காயில் போட்டால் லிக்விட் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ஊறாத பஞ்சு முதல் இழுப்பிலேயே தீய்ந்துபோகும். இந்தக் கருகலைச் சகிக்க முடியாமல் "இதற்குச் சிகரெட்டே மேல்" என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். காயில் ஒரு அற்ப விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் மாம்பழம் காணாமல் போனது. இழுக்கிறேன், ஆவி வருகிறது, சுவை எதுவுமே இல்லை. ஒரே வாசனையில் நாள் முழுக்க இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். சமையலறைக்குள் நிற்பவனுக்குத் தாளிப்பு வாசனை தெரியாமல், தெருவில் போகிறவனுக்குத் தெரிவது போல. அப்போது இரண்டு மூன்று நாளுக்கு வேறு ஒன்றுக்கு மாறினேன், எலுமிச்சை மாதிரிப் புளிப்பான ஒன்று. தண்ணீரும் நிறையக் குடித்தேன். மாம்பழம் திரும்பி வந்தது. இந்த நேரத்தில் அவசரப்பட்டு "மிஷின் கெட்டுவிட்டது" என்று தூக்கிப் போடுவதும், சிகரெட் பக்கம் போவதும் வேண்டாம்.

சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ருசி பார்க்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வேப்பைத் தள்ளி வையுங்கள். மென்தால் வாயில் இருந்தால் நாக்கு உண்மையில் குளிராமலே குளிர்வதாக நினைக்கும், காரம் உப்பு எல்லாம் தப்பாகத் தெரியும். இதைக் கடைப்பிடித்தபோது எனக்கு இன்னொரு நன்மை கிடைத்தது. காலை பத்து முதல் பதினொன்று வரை இழுக்காமல் இருக்க முடியும் என்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் சமையலறையில் ஒருவர், "மாஸ்டர், ஏலக்காய் எசென்ஸ் ரெண்டு சொட்டு அதுல விட்டா நம்ம ஊர் வாசனை வருமே?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டார், ஆனால் செய்யவே கூடாத காரியம். வயிற்றுக்குப் போகலாம் என்பதால் நுரையீரலுக்கும் போகலாம் என்று ஆகிவிடாது. பல சமையல் எசென்ஸ்களில் எண்ணெய் இருக்கும், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நோய்தான். 2000-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரலின் சிறு காற்றுக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிப்போயின. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டயாசிட்டில் என்ற பொருளின் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததுதான் காரணம். சாப்பிடும்போது அதனால் தொந்தரவு இல்லை. பிரிட்டனில் வேப் லிக்விட்டில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. முறையான கடையில், சட்டப்படி வந்த பாட்டிலை மட்டும் வாங்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். வேப் தீங்கே இல்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகரெட்டில் எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை, அதனால் புகைப்பவருக்கு இது ஆபத்தில் பெரிய இறக்கம். புகைக்காதவருக்கு இது ஆபத்தில் ஏற்றம். அவர்கள் தொடவே வேண்டாம்.

இப்படி எழுதும்போது என் மகளைப் பற்றி எழுதாமல் இருந்தால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். 2023-ல் அவளுக்கு 15 வயது. ஒருநாள் அவள் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வாசனை வந்தது. திரும்பி வந்த என் மூக்குதான் அதைக் கண்டுபிடித்தது. ரோஸ் கலரில், பேனா அளவில், தூக்கிப் போடும் வகை வேப். தோழி கொடுத்தாளாம், தோழிக்கு ஏதோ ஒரு மூலைக் கடையில் கிடைத்ததாம். இங்கே 2015 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது குற்றம். ஆனாலும் கிடைக்கிறது.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. நான் கத்தவில்லை. "அப்பாவே மாம்பழம் இழுக்கிறாரே" என்ற பதில் அவள் வாயில் தயாராக இருந்தது எனக்குத் தெரியும். அவளிடம் என் பழைய இருமலைப் பற்றிப் பேசினேன், நிகோடின் இல்லாமல் காலையில் எழுந்திருக்க முடியாத ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்று பேசினேன். "நான் ஒரு குழியிலிருந்து ஏறுவதற்கு இந்த ஏணியைப் பிடித்திருக்கிறேன்மா. நீ குழியிலேயே இல்லையே" என்றேன். அவள் அழுதாள். அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் வேப் இழுப்பதை நிறுத்தினேன். பாட்டில்களை மேல் அலமாரியில் பூட்டினேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பூட்டு இன்னும் அவசியம். பழ வாசனை வரும் அந்தத் தண்ணீரைக் குழந்தை குடித்தால் விஷம்.

அதனால் சுவைகளைத் தடை செய்ய வேண்டும் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் பயம் என் வீட்டுக்குள்ளும் வந்துபோனது. நெதர்லாந்தில் 2024 தொடக்கத்திலிருந்து புகையிலைச் சுவை மட்டும்தான் விற்கலாம். அமெரிக்காவில் 2020-ல் பாட் (லிக்விட் நிரம்பிய சிறு குப்பியைச் செருகும்) வகைகளிலிருந்து பழச் சுவைகளை எடுக்கச் சொன்னபோது, தூக்கிப் போடும் வகைகள் அந்த உத்தரவுக்குள் வரவில்லை, பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தூக்கிப் போடும் வேப்புக்கே தடை. 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதா, சுவைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுக்கக் கேட்டது. என் அபிப்பிராயம் இது: ரோஸ் கலர் உறையையும் மிட்டாய்ப் பெயரையும் எடுங்கள், பிள்ளைகளுக்கு விற்கும் கடையை மூடுங்கள். பெரியவர்களுக்கு வெள்ளைப் பாட்டிலில் "மாம்பழம்" என்று கறுப்பு எழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அந்த மாம்பழத்தை எடுத்துவிட்டுப் புகையிலைச் சுவையை மட்டும் வைத்தால், 2017-ல் பின்கதவில் நின்ற நான்தான் திரும்பவும் அங்கே நிற்பேன்.

2024 ஜனவரியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு மதுரை போனேன். இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மூன்று வாரம். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைத்தது, அதிலும் பான் வாசனையில். மாம்பழம் செய்த அதே வேலையை அந்தப் பான் செய்தது. அதைச் சாதாரண கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் வரும்வரை மென்று, கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் திரும்ப மெல்ல வேண்டும். நான் படித்த காலத்து டீக்கடையில் பழைய நண்பர்களோடு நின்றேன், அவர்கள் பற்றவைத்தார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது. டீயை முடித்துவிட்டு நகர்ந்தேன்.

குயின் மேரி பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்களில், இ-சிகரெட் பக்கம் 80 சதவீதம் பேர் இ-சிகரெட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். நானும் அவர்களைப் போலத்தான். எனக்கு இரண்டரை வருடம் ஆனது. 20-லிருந்து 10, அப்புறம் 5, அப்புறம் 3. பத்துக்கு இறங்கிய வாரம், இரண்டு மில்லி பாட் ஒன்றுக்குப் பதில் நாளைக்கு இரண்டு காலியானது. உடம்பு பழைய அளவைத் தேடி அதிகமாக இழுக்கிறது. பயப்படவில்லை, மூன்று வாரத்தில் அது தானாகத் தணிந்தது. அளவைக் குறைக்கும்போது சுவையை மட்டும் மாற்றவே கூடாது. ஒருமுறை இரண்டையும் சேர்த்து மாற்றி, நாலு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். நிகோடின் இல்லாத மாம்பழத்துக்கு வந்த பிறகு, ஒருநாள் கருவியைச் சார்ஜ் போட மறந்தேன். அடுத்த நாளும் மறந்திருந்தேன். 2024 ஜூனில் அது அலமாரிக்குள் போனது.

போன வாரம் எங்கள் பரோட்டா மாஸ்டர் பின்கதவில் என்னை நிறுத்தினார். வயது 50, நாளைக்கு 15 சிகரெட், நெஞ்சில் சளி. "விட்றலாம்னு இருக்கேன் மாஸ்டர். எந்த ஃப்ளேவர் வாங்கட்டும்?" என்றார்.

"சிகரெட் முடிஞ்சதும் வாயில என்ன போடுவீங்க?" என்று கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு கிராம்பு, ஒரு பெப்பர்மின்ட்.

"அப்ப புதினாப் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க" என்றேன். திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. பதினொரு மணிக்கு அந்தச் சேவை மையத்தில் அவருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முதலில் அந்தக் கருவியில் ஊதட்டும். வேப் கடைக்கு அதற்கப்புறம் சேர்ந்தே போகிறோம்.